கோழிக்கு வேலியா, கீரைக்கு வேலியா?

ஊசூர் மருமகள்

வேலூர் பக்கம் ஊசூர்ல எங்க வீட்டை ஒட்டி இருபது சென்ட் கொல்லை. அதுல மாமா கீரை, முள்ளு கத்திரி, மிளகாய், அவரை எல்லாம் வெச்சிருக்கார். ஓரத்துல முருங்கை, வாழை. அத்தைக்குக் கோழி. பெட்டை, சேவல், விடை, குஞ்சு எல்லாம் சேர்த்தா முப்பதுக்குக் கொறையாது. அத்தனையும் சிறுவிடைன்னு சொல்ற சின்ன நாட்டுக்கோழி ரகம். ராத்திரிக்கு மாட்டுக்கொட்டா பக்கத்துல ஒரு மறைப்பு, அவ்ளோதான். விடிஞ்சு திறந்து விட்டா பொழுது சாயறப்பத்தான் திரும்பும்.

மீதியை நீங்களே சொல்லிடுவீங்க. மாமா பாத்தி கட்டி, அரைக்கீரை விதை தெளிச்சு, பூவாளியில தண்ணி விட்டுட்டு டீக்கடைக்குப் போவார். வந்து பாத்தா பாத்தி மொத்தமும் சீய்ச்சுக் கிடக்கும். "இதுங்கள கூண்டுல போடு, இல்ல சந்தைக்கு ஏத்து"ன்னு அவர் கத்துவார். "கோழின்னா மேயத்தான் மேயும். உன் கீரைக்கு நீ வேலி போட்டுக்கோ"ன்னு அத்தை. இப்ப ரெண்டு பேரும் என் மூலமாத்தான் பேசிக்கறாங்க. "உங்க மாமாவைச் சாப்பிடச் சொல்லும்மா"ன்னு அவர் எதிர்லயே நின்னு என்கிட்ட சொல்றாங்க.

வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டையில ஷிப்ட் வேலை. வர ஞாயித்துக்கிழமை கம்பி வலை வாங்கப் போறார். எதைச் சுத்திக் கட்டறது? செலவையும் பாத்துச் சொல்லுங்க.

அணைக்கட்டு மல்லாட்டை

செடிக்குத்தான் வேலி. இதுல யோசிக்க ஒண்ணும் இல்ல.

முதல்ல கணக்கைப் பாரும்மா. ஒரு சென்ட் 435 சதுர அடி சொச்சம். 20 சென்ட்டையும் சுத்தி வளைச்சா, சதுரமா இருந்தாலே 370 அடி வலை வேணும். ஆனா கோழி எல்லாத்தையும் கெடுக்கறது இல்ல. முருங்கை, வாழை, வளர்ந்த கத்திரி பக்கம் அது போனா நல்லதுதான், புழுவைப் பொறுக்கும். காக்க வேண்டியது கீரைப் பாத்தி, நாத்துப் பாத்தி, பழுக்கிற தக்காளி. மூணு சென்ட் போதும். அதுக்கு 145 அடி வலைதான். பாதிக்கும் கீழ.

அவரை, பீர்க்கன், புடலை, கோவக்கா எல்லாத்தையும் பந்தல்ல ஏத்திடு. மேல காய், கீழ கோழி. கொடி பந்தல் ஏறற வரைக்கும் தூர்ல நாலு வேல முள்ளை வெட்டிப் போட்டா கோழி கிட்ட வராது. எங்க கொல்லையில அதான் நடக்குது. வெயில் காலத்துல பகல் முழுக்க கோழிங்க பந்தல் நிழல்லதான் கிடக்கும்.

வலை அஞ்சடி இருக்கணும். மேல் விளிம்பை இழுத்துக் கட்டாம தொளதொளன்னு விடு. விறைப்பா இருந்தா கோழி அதுமேல ஏறி உக்காந்து உள்ள குதிக்கும். ஆடுற விளிம்புல அது உக்காராது.

கணக்குக் கோழி

எல்லாரும் செடிக்கு வேலின்னு கிளம்பிடாதீங்க. முப்பது கோழியைத் திறந்து விட்டா எத்தனை முட்டை வைக்கோல் போர்லயும் புதர்லயும் காணாம போகுதுன்னு யாராவது எண்ணிப் பாத்திருக்கீங்களா? கீரி தூக்கறது, பருந்து தூக்கறது, பக்கத்து வீட்டு நாய் தூக்கறது? சிறுவிடை வருஷத்துக்கு மூணு முறை அடைக்கு உக்காரும், அறுபது முட்டை இட்டா பெருசு. கிராமப்ரியா, வனராஜா மாதிரி ரகம் வாங்கி, கொட்டகை போட்டு, வலைக்குள்ள நூறு சதுர அடி ஓட விட்டு, தீவனம் வெச்சுப் பாருங்க. முட்டை எங்க இருக்குன்னு தேட வேண்டியதே இல்ல. கீரையும் பொழைக்கும். உணர்ச்சிவசப்பட்டு விவசாயம் பண்ணினா துட்டு வராது.

அணைக்கட்டு மல்லாட்டை

கணக்குக் கோழி சார், தீவன மூட்டை யார் வாங்கறது? மேயற கோழிக்குக் காலையில ஒரு கை கம்பு, சாயங்காலம் ஒரு கை நொய், மிச்சத்தை அதுவே தேடிக்கும். நீங்க சொல்ற ரகம் அடைக்கு உக்காராது. குஞ்சு வேணும்னா திரும்பத் திரும்ப வாங்கணும். சிறுவிடை தானே அடை காத்து, தானே குஞ்சைக் கூட்டிட்டுப் போய், பருந்து நிழல் விழுந்தா றெக்கைக்குள்ள இழுத்துக்கும். அந்த அம்மா கேட்டது பண்ணை வைக்க இல்ல.

ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. நான் பார்த்த வரையில், கோழி பாத்தியைக் கிளறுவதற்கு விதை மட்டும் காரணம் இல்லை. ஈரமும் பொலபொலப்பான மண்ணும் அதற்கு வேண்டும். மண்ணில் புரண்டால்தான் உடம்பில் இருக்கும் செள்ளும் பேனும் உதிரும். வீட்டில் அதற்கென்று இடம் இல்லாவிட்டால் உங்கள் மாமனார் கொத்திப் போட்ட பாத்திதான் அதற்குக் குளியல் தொட்டி. மர நிழலில் ஒரு முழம் ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, ஆற்று மணலும் அடுப்புச் சாம்பலும் கொஞ்சம் வேப்பிலைப் பொடியும் கலந்து நிரப்பி விடுங்கள். மழையில் நனையாமல் மேலே ஒரு தகரம். நாலு நாளில் பழகிவிடும்.

நம் பக்கத்து வெயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கூண்டு யோசனை அங்கேதான் இடிக்கிறது. வேலூரில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வருஷா வருஷம் நடப்பது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அப்படி இரைக்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அதனால் முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து சரியாகப் போய்ச் சேராது. மே மாதம் ஓடு கெட்டியாகாத தோல் முட்டை வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தகரக் கூரை போட்ட சின்னக் கூண்டில் முப்பது கோழியை அடைத்தால் மதியம் நாலைந்து செத்தே போகும். அடைப்பதானால் தென்னங்கீற்றுக் கூரை, நாலு பக்கமும் காற்று, மண்சட்டியில் தண்ணீர், தீவனம் விடியற்காலையும் சாயங்காலமும் மட்டும். கிளிஞ்சல் பொடி தனியாக ஒரு சட்டியில்.

கேட்காததையும் ஒன்று கேட்கிறேன். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா?

ஊசூர் மருமகள்

குஞ்சுக்குப் போட்டதில்ல சார். பெரிய கோழிக்கு முகாம்ல போட்டாங்க. போன வெயிலுக்கு முன்னாடி பக்கத்துத் தெருவுல கொத்தா போச்சு, எங்களுக்குத் தப்பிச்சுது. அத்தை சின்ன வெங்காயம், மஞ்சள், சீரகம், கீழாநெல்லி அரைச்சு உருட்டிக் கொடுத்தாங்க. அதனாலதான் தப்பிச்சுதுன்னு அவங்க சொல்றாங்க.

ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்

கொடுக்கட்டும், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் கழிச்சல் நோய்க்குக் காரணம் வைரஸ், வந்த பிறகு மருந்தே கிடையாது. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து. எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. அதற்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்கம். பிப்ரவரியில் கால்நடைத் துறை ஊர் ஊராக முகாம் போடும், இலவசம். பிடிக்கவே முடியாத கோழிகளுக்காகத் தீனியில் கலந்து கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்தைக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் உண்டாக்கியிருக்கிறார்கள், அதையும் உங்கள் மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள். சொட்டு மருந்தை ஐஸில் வைத்து எடுத்து வாருங்கள். பையில் போட்டு வெயிலில் சைக்கிளில் தொங்கவிட்டு வந்தால் அது வெறும் தண்ணீர்.

குடியாத்தம் பெங்களூர்

படிக்கப் படிக்க ஊர் ஞாபகம். வைகாசி ஒண்ணாந்தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வீட்டுக்கு அத்தனை பேர் வருவாங்க, ஆயா வளர்த்த சேவல் ஒவ்வொண்ணா காணாம போகும். நானும் இங்க மாடியில நாலு நாட்டுக்கோழி வளர்க்கலாமான்னு பாக்கறேன். சேவல் கூவினா கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரா?

பேரணாம்பட்டு மலையடி

சேவல் இல்லாமலே பெட்டை முட்டை போடும் தம்பி, குஞ்சுதான் வராது. சேவலை ஆயா கிட்டயே விட்டுடு.

ஊசூர் அம்மாவுக்கு: கோழியை நீங்க ஜெயிச்சுடலாம். மயில் வர ஆரம்பிச்சா அப்ப தெரியும். எங்க பக்கம் விடிகாலை ஏழெட்டா இறங்கும். நெல்லு, மல்லாட்டை (வேர்க்கடலை), தக்காளி எதுவும் பாக்காது. தேசியப் பறவை, 1972 வனவிலங்குச் சட்டத்துல இருக்கு, கை வைக்க முடியாது. சத்தம் போட்டு விரட்டறதோட சரி. அஞ்சடி வலையெல்லாம் அதுக்கு ஒரு படி. காட்டோரம்கறதால சிறுத்தை பயமும் உண்டு. ராத்திரி கோழி அடைக்கிற இடத்துக்குக் கதவு கெட்டியா இருக்கணும், வெறும் சாக்கு மறைப்பு வேலைக்கு ஆகாது. உங்க பக்கம் சிறுத்தை இல்லாம இருக்கலாம், கீரியும் காட்டுப்பூனையும் எல்லா ஊர்லயும் உண்டு.

ஆரணி வீட்டுக்காரி

எல்லாரும் வலையை அளக்கறீங்க. எனக்கு ஒண்ணு தெரியணும். ஊசூர் மருமகளே, முட்டை விக்கற காசு யாரு கையில இருக்கு?

ஊசூர் மருமகள்

அத்தை கையில அக்கா. நாட்டு முட்டைன்னு தெருவுலயே வந்து வாங்கிப்பாங்க. அந்தக் காசுலதான் மகளிர் குழு தவணை கட்டறாங்க. என் பொண்ணுக்கு ஸ்கூல் திறக்கறப்ப பை, செருப்பு அவங்கதான் எடுத்துக் கொடுப்பாங்க. ஆடியில கூழ் ஊத்தறப்ப சேவல் நல்ல விலை போகும், அந்தக் காசை மட்டும் எங்க வெச்சிருக்காங்கன்னு யாருக்கும் தெரியாது.

மாமா கீரையை விக்கறதே இல்ல. தெரு முழுக்கக் கொடுப்பார். காலையில கட்டு கட்டா எடுத்துட்டு வீடு வீடா போவார்.

ஆரணி வீட்டுக்காரி

அப்ப இது கோழிக்கும் கீரைக்கும் நடக்கற சண்டை இல்லம்மா.

நிலம் ஆம்பளை பேர்ல, நெல்லுக் காசு ஆம்பளை கையில, பால் காசு கூட சொசைட்டி புத்தகத்துல அவங்க பேர்லதான் ஏறுது. நம்ம பக்கத்துல பொம்பளைக்குன்னு யாரையும் கேக்காம எடுத்துச் செலவு பண்ற காசு கோழிக்காசு ஒண்ணுதான். எங்க மாமியாருக்கும் அப்படித்தான் இருந்தது, எனக்கும் அப்படித்தான். அதைப் போய்க் கூண்டுல போடுன்னா, தீவனம் வாங்க மாமா கிட்ட கை நீட்டணும். அதைத்தான் உங்க அத்தை மேயத்தான் மேயும்னு சொல்றாங்க.

மாமாவையும் தப்பு சொல்லல. வயசான ஆம்பளைக்குத் தெருவுல நாலு வீட்டுக் கதவைத் தட்ட ஒரு சாக்கு வேணும். கீரைக்கட்டுதான் அந்தச் சாக்கு. அதைக் கோழி சீய்ச்சா அவருக்குக் கோவம் வராம என்ன செய்யும்?

ஞாயித்துக்கிழமை வலை வாங்கிட்டு வர்றப்ப உங்க வீட்டுக்காரர் அதை யாரு பக்கம் இறக்கி வெக்கறார்ங்கறதுதான் விஷயம்.

கணக்குக் கோழி

இதெல்லாம் சரிம்மா, ஆனா காணாம போற முட்டைக்கு இன்னும் பதில் வரல.

ஆரணி வீட்டுக்காரி

வரும். காலையில திறக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பெட்டையா தூக்கி, பின்பக்கம் விரலை வெச்சுப் பாத்தா இன்னைக்கு எது முட்டை போடும்னு தெரிஞ்சுடும். அதை மட்டும் கூடையில கவுத்து வெச்சுட்டு மத்ததைத் திறந்து விடறது. முட்டை போட்டுட்டுக் கொக்கரிச்சா கூடையைத் தூக்கணும். அந்த அத்தைக்கு இது தெரியாம இருக்காது. நீங்கதான் காணாம போகுதுன்னு சொல்றீங்க, அவங்க சொல்லல.

கணக்குக் கோழி

சரி, அந்த வேலையைத் தினமும் செய்ய ஆள் இருந்தா ஒத்துக்கறேன்.

அணைக்கட்டு மல்லாட்டை

ஆரணி அக்கா சொன்னதுக்கு அப்புறம் நான் சொன்ன 145 அடியை விட்டுடாதீங்க, அது இப்பவும் சரிதான்.

கீரை விதைக்கிறதுக்கு ஒரு வழி. தெளிச்சதும் மேல தென்னை ஓலையைப் போட்டு மூடி, ஓலை மேலயே தண்ணி விடணும். ஈரம் நிக்கும், கோழிக்கும் மண் தெரியாது. முளை தலை காட்டினதும் ஒரு சாயங்காலமா பாத்து ஓலையை எடுத்துடணும், லேட் பண்ணினா நாத்து வெளுத்துப் போகும். எறும்பு விதையை இழுக்குதுன்னா ஓரத்துல கொஞ்சம் நொய் தூவி விடுங்க, அதைத் தூக்கிட்டுப் போகும்.

இன்னொண்ணு. கோழியைத் தோட்டத்துக்கு எதிரியாவே பாக்காதீங்க. பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கறப்ப கத்திரிப் பக்கம் ஓட்டி விடுங்க. அடையப் போற நேரம், சீய்க்க அதுக்குப் பொறுமை இருக்காது. கண்ல பட்ட புழு, வெட்டுக்கிளியைக் கொத்திட்டுக் கூடு பாத்துப் போயிடும். நம்ம இலவம்பாடி முள்ளு கத்திரிக்கு 2023-ல புவிசார் குறியீடு கொடுத்தாங்க, ஆனா காய்ப்புழுவுக்கு அந்தக் குறியீடு தெரியாது. காய்க்குள்ள போயிட்ட புழுவைக் கோழி எடுக்காதுதான். ஆனா வாடின நுனியையும் சொத்தைக் காயையும் கிள்ளிக் கோழி முன்னாடி போட்டா ஒண்ணு தப்பாது. மருந்து அடிச்ச கொல்லையில மட்டும் இதைச் செய்யக் கூடாது.

பேரணாம்பட்டு மலையடி

நைலான் வலை மட்டும் வாங்காதீங்க. விலை கம்மின்னு நான் பழைய மீன் வலையைக் கட்டினேன், ராத்திரி பாம்பு வந்து சிக்கிக்கிச்சு. சாரைப்பாம்புதான். ஆனா விடிகாலை இருட்டுல கை வெக்கறப்ப அது என்ன பாம்புன்னு யாருக்குத் தெரியும்? கோழிக்குன்னே சின்னக் கண்ணு கம்பி வலை வருது, அதை வாங்கி அடியில அரை அடி மண்ணுக்குள்ள புதைங்க. எலி வராம பாத்துக்கங்க. சிந்தின தீனிக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.

குடியாத்தம் பெங்களூர்

பறக்கற கோழிக்கு றெக்கையை வெட்டுவாங்களே, வலிக்காதா?

ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்

ஒரு பக்கத்து இறக்கையில் மட்டும், நுனியில் இருக்கும் நீள இறகுகளைக் கத்தரிக்க வேண்டும். முதிர்ந்த இறகில் ரத்தம் ஓடாது, நகம் வெட்டுவதுதான். அடியில் கருநீலமாகத் தெரிந்தால் அது வளரும் இறகு, தொடக் கூடாது. இரண்டு பக்கமும் வெட்டினால் சமமாக எழும்பிவிடும், ஒரு பக்கம் என்றால் சாய்ந்து இறங்கிவிடும். இறகு உதிர்ந்து முளைத்ததும் மறுபடி பறக்கும். திறந்து மேயும் கோழிக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன், நாய் துரத்தினால் மரம் ஏற முடியாமல் மாட்டிக்கொள்ளும். வேலி தாண்டுவது எப்போதும் ஒன்றோ இரண்டோதான், அதற்கு மட்டும் செய்யுங்கள்.

கோழி எருவையும் மறந்துவிட்டோம். மாட்டுத் தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீதம் என்றால், கோழி எருவில் 3 சதவீதம் வரை இருக்கும். ராத்திரி அடையும் இடத்தில் மல்லாட்டைத் தொல்லியை (வேர்க்கடலை ஓட்டை) பரப்பி வையுங்கள், எச்சம் அதில் கலந்து நல்ல எருவாகும். பச்சையாகச் செடிக்குப் போட்டால் வேர் வெந்துவிடும், மக்க வைத்துப் போடுங்கள். அதில் அடுப்புச் சாம்பலைக் கலக்காதீர்கள், தழைச்சத்து காற்றோடு போய்விடும். மாமனாருக்குக் கீரை செழிக்க அத்தையின் கோழி வேண்டும் என்பதை யாராவது அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஊசூர் மருமகள்

ஞாயித்துக்கிழமை முடிஞ்சுது, எழுதாம விட்டா திட்டுவீங்க.

வலை வந்துது. கீரைப் பாத்திக்கும் நாத்துப் பாத்திக்கும் மட்டும். வீட்டுக்காரர் மூட்டையைக் கொண்டு போய் அத்தை கிட்டயே கொடுத்துட்டு, "எங்க கட்டணும்னு நீயே சொல்லும்மா"ன்னார். அத்தை கொல்லை முழுக்க ஒரு சுத்து நடந்து வந்து, "இந்தக் கிணத்து மூலையில கட்டு. தண்ணி பாயற வாக்கு அதான், உங்க அப்பாவுக்குக் குடம் தூக்கற வேலை இருக்காது"ன்னாங்க. மாமா கேட்டும் கேக்காத மாதிரி கடப்பாரையை எடுத்துட்டுக் குழி போடப் போயிட்டார்.

சாம்பல் குழி மா மரத்தடியில. முதல் நாள் ஒரு கோழி எட்டிக் கூடப் பாக்கல. மறுநாள் ஒரு கிழட்டுப் பெட்டை இறங்கிப் புரண்டுது, அப்புறம் இடத்துக்குச் சண்டை. வேலி தாண்டறது ஒண்ணே ஒண்ணுதான், கழுத்துல இறகு இல்லாத கழுத்தறுத்தான். என் பொண்ணு அதோட றெக்கையை வெட்ட விட மாட்டேங்கறா, அதனால அது மட்டும் தெனமும் உள்ள போய் வருது, மாமாவும் அதை மட்டும் விரட்டிட்டு இருக்கார்.

புதுச் சிக்கல் ஒண்ணு. வேலி போட்டதுல கீரை ஏகத்துக்கு வருது. முட்டை வாங்க வர்றவங்க கீரையும் கேக்கறாங்க. அத்தை கட்டுக்குப் பத்து ரூபா வாங்கிட்டுக் கொடுத்துட்டாங்க, மாமா காலங்காலமா சும்மா கொடுத்த வீட்டுக்கே! "என் மானம் போச்சு"ன்னு அவர் ஒரே கூச்சல். "விதை யாரு காசுல வாங்கினது? வலைக்குக் கம்பம் யாரு காசுல வந்துது?"ன்னு அத்தை. கம்பத்துக்குக் காசு அவங்க கொடுத்ததே எனக்கு அப்பத்தான் தெரியும். ஆனா இப்ப ரெண்டு பேரும் நேராவே பேசிக்கறாங்க.

ஆரணி வீட்டுக்காரி

தெருக்காரங்களுக்கு ரெண்டு நாள் மாமா சும்மா கொடுக்கட்டும், மிச்ச நாள் அத்தை விக்கட்டும். கீரைக் காசு யாருக்குன்னு மட்டும் நீ நடுவுல போய்ப் பஞ்சாயத்துப் பண்ணாத.

அணைக்கட்டு மல்லாட்டை

அரைக்கீரையை வேரோட புடுங்காம கிள்ளி எடுக்கச் சொல்லும்மா, திரும்பத் துளுக்கும். அந்தத் தாண்டற கோழிக்கு வேலி மேல ஒரு கயிறு கட்டிப் பழைய துணியைத் தொங்க விட்டுப் பாரு.

ஊசூர் மருமகள்

துணி தொங்க விட்டோம் அண்ணா. அது மேலயே உக்காந்து பாக்குது.